கடைசி இலைக்கு வந்த ரசம்

ஞானிகளுக்குக் கோபமே வராது என்று பரவலாக நம்பப்படுகிறது. இது வருந்தத்தக்க பிழை. கோபம் வராது என்பதுவரை ஒருவேளை சரி. எரிச்சல் வரும். இரண்டும் வேறு. ஒருவர் தவறு செய்தால் வருவது கோபம். அந்தத் தவறு ஏன் சரி என்று அவரே நான்காம் முறை விளக்கும்போது வருவது எரிச்சல்.

குரு சீடரைவிட வயதில் மூத்தவர் என்பது இரண்டாவது பிழை. செங்கமலத்தம்மைக்கு முப்பத்தெட்டு வயது. அவருடைய சீடரும் மடத்துப் பள்ளியின் ஆசிரியருமான திருமேனிக்கு ஐம்பத்திரண்டு.

அன்று திருமேனி நான்காம் முறை விளக்கிக்கொண்டிருந்தார்.

"இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், அம்மா. ஒரே வீடு, ஒரே சோறு. சேந்தன் புளியமரத்திலிருந்து விழுந்தான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டான். அவன் அக்கா பொற்கொடிக்கோ மணி அடித்தாலே உடம்பு நடுங்குகிறது. பக்கத்துப் பிள்ளையைத் திட்டினால் இவள் கண் கலங்குகிறது. இப்போது மூன்று நாளாக ஓயாமல் அழுகிறாள்."

"எதற்கு?"

"எதற்கா? அவள் அழுகிற பிள்ளை."

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு தண்டு தேவைக்கு மேல் பலமாக ஒடிந்தது.

"நீர் என்ன செய்தீர்?"

"தம்பியைப் பார், அவன் அழுகிறானா என்றேன். வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்களாம்."

"பலன்?"

"இப்போது தம்பியைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள்."

அம்மை அடுத்த தண்டை எடுத்தார். ஒடிக்கவில்லை.

"நாளைக் காலை அவள் அப்பா வருகிறார்," என்றார் திருமேனி. "அழுகை நிற்கவில்லை என்றால் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். எழுத்து போதும், ஆடு மேய்க்கட்டும் என்கிறார். கெட்டிக்காரப் பெண். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் ஒருத்திக்காக வழக்கத்தை மாற்ற முடியுமா? எல்லாருக்கும் ஒரே மணி, ஒரே குரல். அதுதானே நியாயம்?"

"அதுதான் நியாயமா?"

"வேறென்ன?"

"சரி. எழுந்து வாரும். பந்திக்கு நேரமாயிற்று."

அந்த மடத்தில் ரசத்தைச் சோற்றில் ஊற்றுவதில்லை. சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் இரு கைகளையும் குவித்து நீட்டுவார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய ரசத்தை அம்மையே தம் கையால் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு வருவார். நாற்பது இலைகள். முதல் இலை எப்போதும் கல் உடைக்கும் பலவேசத்துக்கு. கடைசி இலை எப்போதும் திருமேனிக்கு.

பதினோரு வருஷமாக அப்படித்தான். கடைசி இலையைத் திருமேனி தம் பணிவின் அடையாளமாகக் கருதினார். அதைப் பற்றி அவ்வப்போது பிறரிடம் அடக்கத்தோடு குறிப்பிடுவதும் உண்டு.

"இன்றைக்கு முதல் இலையில் உட்காரும்," என்றார் அம்மை.

திருமேனி கூச்சப்பட்டார். இருந்தாலும் உட்கார்ந்தார். பலவேசம் நகர்ந்து இரண்டாம் இலைக்குப் போனார்.

ரசம் வந்தது. திருமேனி கையைக் குவித்தார்.

அடுத்த கணம் ரசம் அவர் வேட்டியில் இருந்தது. கையை உதறினார், ஊதினார், மறுபடி உதறினார். கண்ணில் நீர் முட்டியது.

"என்ன ஆயிற்று?" என்றார் அம்மை.

"கொதிக்கிறது, அம்மா."

"ஒரே ரசம். ஒரே கரண்டி."

அம்மை நகர்ந்து பலவேசத்தின் கையில் ஊற்றினார். பலவேசம் உறிஞ்சிக் குடித்துவிட்டு மறுபடி கையை நீட்டினார்.

"பாரும், அவர் அழுகிறாரா?"

திருமேனி உள்ளங்கையை ஊதிக்கொண்டார்.

"பதினோரு வருஷம் உம்மைக் கடைசியில் எதற்கு உட்கார வைத்தேன் என்று நினைத்தீர்?"

"பணிவுக்காக..."

அம்மை கண்ணை மூடித் திறந்தார்.

"வந்த முதல் நாளும் இப்படித்தான் வேட்டியில் கொட்டிக்கொண்டீர். நாற்பதாவது இலைக்குப் போவதற்குள் ரசம் ஆறிவிடும். அதற்காகத்தான்."

பந்தியில் யாரோ இருமினார்கள். சிரிப்பை மறைக்கும் இருமல்.

திருமேனி வேட்டியின் ஈரத்தைப் பிழிந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"பொற்கொடியை மணிக்கு எட்டத்தில் உட்கார வைக்கிறேன், அம்மா. குரலையும் தணித்துக்கொள்கிறேன். நல்லவேளை, சேந்தனைப் பற்றிக் கவலையில்லை. அவன் நம் பலவேசம் மாதிரி."

அம்மை பெருமூச்சு விட்டார். நான்கு விளக்கங்களுக்கும் சேர்த்து விட்ட பெருமூச்சு அது.

"பலவேசம், உமக்கு ஒன்றும் ஆகாது என்று இவருக்குக் கையைக் காட்டும்."

பலவேசம் தயங்கினார்.

"காட்டும்."

காட்டினார். உள்ளங்கை கல்லாய்க் காய்த்திருந்தது. ஆனால் விரல் இடுக்குகளில் தோல் உரிந்து, சிவந்து, ஓரிடத்தில் நீர் கோத்திருந்தது.

அம்மையின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவர் எதிர்பார்த்தது அந்தக் காய்ப்பை மட்டும்தான்.

"எத்தனை நாளாக?"

"ஒரு மாசம் இருக்கும், தாயி."

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலியே," என்றார் பலவேசம். "எனக்குத்தான் வலிக்காதுன்னு எல்லாரும் சொல்லுதாக. நான் போயி எப்படி மறுத்துப் பேசறது?"

தினமும் அந்தக் கையில் ரசம் ஊற்றியவர் அம்மை. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அன்று மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் ரசம் இல்லை.

திருமேனி அதற்குள் எழுந்துவிட்டார். கையைக்கூடக் கழுவாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்.

பொற்கொடி மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மூச்சு வாங்க அவள் எதிரில் குந்தினார்.

"எதற்கு அழுகிறாய், பொற்கொடி?"

அவள் திகைத்துப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு அவள் தயாராக இல்லை.

"தம்பி குதிகாலை ஊன மாட்டேங்கிறான், ஐயா. மரத்திலேருந்து விழுந்ததிலேருந்து, மூணு நாளா. விரலாலேயே நடக்கிறான்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஐயா," என்றான் பக்கத்திலிருந்த சேந்தன். "இவ எப்பவும் இப்படித்தான்."

"காலைக் காட்டுடா."

குதிகால் வீங்கிக் கன்றியிருந்தது. புளியங்கொட்டை அளவு கண்ணாடித் துண்டு உள்ளே இருந்தது. மடத்து வைத்தியர் அதை எடுத்தபோது சேந்தன் ஊரே கேட்கும்படி அழுதான். பொற்கொடி அழவில்லை. தம்பியின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவர்களுடைய அப்பா வந்தார்.

"இவ அழுகையை நிறுத்திட்டீங்களா, ஐயா?"

"இல்லை," என்றார் திருமேனி. "எதற்கு என்று கேட்டேன்."

கட்டுப் போட்ட காலை மகனே நீட்டிக் காட்டினான். அப்பா அதைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். தனியாகவே திரும்பிப் போனார்.

அன்றைய பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்த பலவேசத்தின் பக்கத்தில் ரசத்துக்கு ஒரு கிண்ணம் இருந்தது.