கடல் திருப்பிக் கொடுத்த பலகை

கடலை ஒட்டி பங்களா கட்டிய மாசிலாமணி, கரைக்குப் போகும் வழியை மறித்துச் சுவர் எழுப்பிவிட்டார். வழி விடச் சொல்லிக் கெஞ்சிக் கெஞ்சிக் குப்பத்துச் சனங்களுக்கு வாய் ஓய்ந்ததுதான் மிச்சம்.

கடலைப் பார்த்து உட்கார அவருக்கு ஒரு மரத்தளம் வேண்டும். தேக்கு, பிளாஸ்டிக் பலகை என்று கடைக்காரர்கள் கொண்டுவந்து குவித்தும் எதுவும் பிடிக்கவில்லை. மீன் கூடையோடு வந்த அஞ்சலையை விருந்தாளிகள் முன்னால் சீண்டினார்.

"கடல் தின்னாத மரம் உங்க குப்பத்துல இருக்கா? கொண்டா பாப்போம். கேட்டதைத் தர்றேன்."

"இருக்குங்கய்யா. எங்க வீட்டுக்காரர் போன படகு. ஆளை வச்சுக்கிட்டுப் படகை மட்டும் கடல் திருப்பிக் குடுத்திருச்சு. வேணாம்னு தள்ளுனதை மறுபடி தின்னுமா?"

யாரும் சிரிக்கவில்லை. மாசிலாமணியே கேட்டார்:

"சரி, என்ன வேணும்?"

"போனவரு கரை சேர்ற வரைக்கும் அவரு படகுல பொண்டாட்டி அந்திக்கு விளக்கு ஏத்தணும். எங்க வழக்கம் அது. நீங்க சுவர் வச்சதுலேர்ந்து கரைக்குப் போக வழியில்லாம படகு இருட்டுல கெடக்கு. பலகை இங்க வந்தா, நானும் தினம் இங்க வரணும்."

விருந்தாளிகள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். கொடுத்த வாக்கை விழுங்க முடியவில்லை.

படகைப் பிரித்து அந்தப் பலகையில் தளம் போட்டாயிற்று. தினமும் அந்தியில் அஞ்சலை பெரிய வாசல் வழியாகவே வந்தாள். பொறுக்கமாட்டாமல் அவர் ஒருநாள் கேட்டார்:

"இன்னும் எத்தனை நாளைக்கு?"

"அவரு வந்த அன்னைக்கு நிறுத்திடுறேங்கய்யா" என்றவள், காற்றில் திரி அணையாமல் இரு கையையும் குவித்துக்கொண்டாள்.