எடுத்துக் கொடுக்காத வசனம்

குழந்தைவேலு பல வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முதலாளி பஸ்களை விற்றதும் திருச்சியில் ஒரு நாடகக் குழுவில் மேடை உதவியாளராகச் சேர்ந்தார். மேடை நிர்வாகி ஃபிலோமினா அவரைவிட வயதில் சின்னவர். தொழில் சொல்லித் தருபவர் என்பதால் குழந்தைவேலு அவரை "அம்மா" என்றுதான் அழைப்பார்.

முதலில் நாற்காலி தூக்கினார். பிறகு திரை இழுத்தார். கரூரில் நாடகம் போட்ட அன்றுதான் ஃபிலோமினா அவர் கையில் வசனப் பிரதியைக் கொடுத்துப் பக்கத்திரைக்குப் பின்னால் நிறுத்தினார். நடிகர் மறந்தால் அடுத்த வார்த்தையை மெல்ல எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஓடிப்போன மகள் திரும்பி வந்து வாசலில் நிற்கும் காட்சி. அப்பாவாக நடித்த சுந்தரவதனன் அவளைப் பார்த்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மறந்துவிட்டார் என்று குழந்தைவேலு பிரதியில் அடுத்த வார்த்தையைத் தேடினார்.

"சாப்பிட்டியா!" என்றார்.

பஸ்ஸில் கடைசி ஸீட் வரை கேட்ட குரல் அது. முன்வரிசை சிரித்தது. மகளாக நடித்தவள் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

நாடகம் முடிந்ததும் சுந்தரவதனன் நேராக வந்தார்.

"அது மௌனம்யா! ஒத்திகை பார்த்த மௌனம்! வண்டி நின்ன உடனே விசில் ஊதணுமா உனக்கு?"

சுந்தரவதனன் ஃபிலோமினா பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவை இந்த ஆளால என் காட்சி கெட்டுதுன்னா, ஒண்ணு அவர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

சாமான்களை வேனில் ஏற்றும்போது குழந்தைவேலு கேட்டார்.

"நான் நாற்காலிக்கே போயிடட்டுமாம்மா?"

"நாளைக்கு குளித்தலையில ஒரு ஷோ நில்லுங்கண்ணே. அப்புறம் பார்ப்போம்."

"மறந்துட்டாரா, மௌனமா நிக்கறாரான்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

ஃபிலோமினா கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

மறுநாள் குளித்தலையில் அவர் குழந்தைவேலுவின் ஸ்டூலை எடுத்து, மேடைக்கு முதுகு காட்டிப் போட்டார். எதிரே திரையில் ஒரு சின்ன இடைவெளி. அதன் வழியே முன்வரிசை தெரிந்தது.

"வசனம் காதுல விழும். நீங்க இங்கயே பாருங்க."

"நடிகரைப் பார்க்க வேண்டாமா?"

"அவரைத்தான் ஊரே பார்க்குதே."

நாடகம் சிக்கலில்லாமல் போனது. கடைசிக் காட்சியில் மகள் மறுபடி வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். அப்பா அரைப் பக்கத்துக்குப் புத்தி சொல்லி அனுப்ப வேண்டும். குழந்தைவேலு காத்திருந்தார். குரல் வரவில்லை.

முதல் வார்த்தை "அம்மாடி". அது அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

முன்வரிசையில் ஒருவர் கடலையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே வைத்திருந்தார். தோளில் தூங்கும் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றிருந்தது. ஒருவரும் இருமவில்லை.

குழந்தைவேலு வாயை மூடிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து மேடையிலிருந்து குரல் வந்தது.

"சரி... போயிட்டு வா."

அவ்வளவுதான். அரைப் பக்க வசனம் பிரதியிலேயே தங்கிவிட்டது. கடலை தின்னாமல் வைத்திருந்தவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். திரை விழுந்தது.

கைதட்டல் ஓயுமுன்பே சுந்தரவதனன் உள்ளே வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"ஏன்யா எடுத்துக் கொடுக்கல? நிஜமாவே மறந்துபோச்சுய்யா! ஒரு வார்த்தை வாயில இல்ல. உதவிக்கு உன்னைப் பார்க்கிறேன், நீ முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்க!"

குழந்தைவேலு எழுந்து பிரதியை ஃபிலோமினாவிடம் நீட்டினார். நாளை முதல் நாற்காலிதான் என்று நினைத்துக்கொண்டார்.

ஃபிலோமினா அதை வாங்கவில்லை.

"அண்ணே, அவர் நின்னப்போ முன்வரிசையில யாராவது அசைஞ்சாங்களா?"

"இல்லம்மா."

ஃபிலோமினா சுந்தரவதனனிடம் திரும்பினார்.

"நாளைக்கும் அதே இடத்துல மறந்துடுங்க சார். அண்ணன் அதே ஸ்டூல்ல உட்கார்ந்திருப்பார்."