மின்னாத இடம்

டாக்டர் பூங்கோதையிடம் பாடம் கேட்க வந்த மருதையன், அவரைவிடப் பத்து வயது மூத்தவர். பல வருடங்களாகச் சதைத் துணுக்குகளுக்கு ஒளிரும் சாயமேற்றிப் பார்த்தவர். சாயம் பிடித்த இடம் மின்னும். அங்கேதான் நோய்.

இங்கே சாயம் இல்லை. இருட்டறையில் வாய்க்குள் நீல வெளிச்சம் அடித்து, நீலத்தை வடிகட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்தால், சதை தானாகவே பச்சையாக ஒளிரும்.

நாற்காலியில் லாரி ஓட்டுநர் தவசி. கன்னத்தில் புகையிலை ஒதுக்கிப் பழகியவர்.

"டாக்டர் கோட்டு டியூப்லைட் கணக்கா எரியுது" என்றார் தவசி.

"சலவைப் பவுடர் பண்ற வேலை. கழட்டிடுங்க சார்" என்றார் பூங்கோதை.

மருதையன் கழற்றிப் போட்டுவிட்டு விளக்கைப் பிடித்தார். கை ஓரிடத்தில் நிற்கவில்லை. நாக்கு, அண்ணம், கன்னம், மறுபடி நாக்கு.

"எல்லாமே மின்னுது மேடம். இதுல நோயை எங்கன்னு தேடுறது? இந்தச் சொந்த வெளிச்சத்தை முதல்ல அணைக்க வழி இருக்கா?"

"எதுக்கு?"

"தொந்தரவா இருக்கே!"

மறுபடி பார்க்கும்படி பூங்கோதை சைகை காட்டினார்.

மருதையன் இன்னொரு சுற்றுப் பார்த்தார். "தனியா எதுவும் மின்னல. அனுப்பிடலாம்."

"வண்டியில வெங்காயம் புழுங்குது" என்று தவசி பாதி எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம்ண்ணே, வாயைத் திறங்க." பூங்கோதை இடது கன்னத்தின் உட்புறத்தைச் சுட்டினார். "சார், இங்க?"

"அங்க ஒண்ணுமில்ல மேடம். இருட்டு."

"வெறும் புண்ணா இருந்தா, அழுத்தினதும் ரத்தம் விலகிப் பச்சை திரும்பும். அழுத்துங்க."

மருதையன் உறையிட்ட விரலால் அழுத்தினார். சுற்றிலும் பச்சை. விரலை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

"திரும்பல. இருட்டாவேதான் இருக்கு. அதனாலதானே விட்டுட்டேன்?"

"அதான் ஒண்ணுமில்லைங்கிறாரே, விடுங்கம்மா" என்று தவசி செருப்பைக் காலால் துழாவினார்.

பூங்கோதை அவரைப் பார்க்கவில்லை. மருதையனிடம் கேட்டார்:

"கார்த்திகை அன்னிக்குச் சாயங்காலம் உங்க தெருவுல நடந்து போறீங்க. எந்த வீட்டு வாசல்ல நின்னு, என்னாச்சுன்னு கேப்பீங்க?"

மருதையன் விளக்கைக் கீழே வைத்தார். எழுந்துவிட்ட தவசியின் தோளில் கை வைத்தார். அந்தக் கை இப்போது அசையவில்லை.