வாகைக்குடிப் பூசணி யாருக்குச் சொந்தம்?

ஆடும் மாடும் பேசிய காலம் இல்லை, பிள்ளைகளே. அதற்குக் கொஞ்சம் பிந்தி, மனிதர்கள் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம்.

இளஞ்சாத்தன் என்ற ராஜா புது வாய்க்கால் ஒன்று வெட்டினார். வாகைக்குடி, புன்னைக்குடி என்ற இரண்டு ஊருக்கும் அது ஒன்றுதான். "மாசித் திருநாளில் எந்த ஊர்ப் பூசணி பெரியதோ, அந்த ஊருக்கே முதல் தண்ணீர்" என்றார்.

வாகைக்குடிக்காரர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்கள் பூசணிக் கொடியின் ஒவ்வொரு இலையும் முறம் அகலம்! மார்கழி பிறந்ததும், அடியில் பிஞ்சில்லாத பூவையெல்லாம் பறித்து வாசல் கோலத்தில் வைத்தார்கள். "காய்க்காத வெட்டிப் பூவுக்கு எதற்குச் சத்து?" என்று மொட்டையும் கிள்ளிப் போட்டார்கள். ரொம்பப் புத்திசாலிகள், போங்கள்!

முதல் பிஞ்சு வெம்பி விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. ஊரே கலங்கிப் போனது.

கொடியைக் காத்து வந்தவள் காத்தாயி. மூன்று நாள் விடியலில் கொடியடியில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள். தேனீ வந்தது, பிஞ்சுப் பூவில் இறங்கியது, போனது. ஆனால் முன்பெல்லாம் அதன் காலில் ஒட்டியிருக்குமே மஞ்சள் பொடி, அது இல்லை.

"அடப்பாவிகளா! பொடி வைத்திருந்தது அந்த வெட்டிப் பூதானே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இனி மொட்டு விட்டு மலரப் பத்து நாள் ஆகும். அதற்குள் காலம் கடந்துவிடும். மறுநாள் விடியும்போது புன்னைக்குடிக்கு ஓடினாள். அந்த ஊர்க் கொடியைக் காத்த மாடத்தியிடம், "அக்கா, பிஞ்சில்லாத பூ மூணு குடுங்க" என்றாள்.

"இதுக்கா இவ்வளவு தூரம் ஓடி வந்தே? எடுத்துக்கிட்டுப் போடி!" என்று மாடத்தி சிரித்தாள்.

காத்தாயி திரும்பி வந்து, அன்று மலர்ந்த பிஞ்சுப் பூவின் நடுவே அந்தப் பூக்களின் பொடியைத் தடவினாள். பிஞ்சு நின்றது, பருத்தது, மாசியில் இரண்டு ஆள் தூக்கும் பூசணியானது.

சபையில் அதற்கு ஈடே இல்லை. "எப்படி விளைந்தது?" என்று ராஜா கேட்டார். "வாயைத் திறக்காதே, தண்ணீர் போயிடும்" என்று ஊர்த்தலைவர் காதைக் கடித்தார்.

காத்தாயி நிமிர்ந்து நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மாடத்தி துள்ளி எழுந்தாள். "அப்போ காய் எங்களுது, மகாராஜா!"

"நீயே சொல், யாருடையது?" என்றார் ராஜா.

காத்தாயி பூசணியை இரண்டாகப் பிளந்தாள். "சாமி, இந்தத் தோலும் சதையும் எங்க கொடி வளர்த்தது. அதில் யாருக்கும் பங்கில்லை. உள்ளே இருக்கிற விதை ஒவ்வொண்ணும் எங்க பூவும் அவங்க பூவும் சேர்ந்து பிறந்தது. பெரிய காய்க்குத்தானே போட்டி? முதல் தண்ணி எங்களுக்கு. விதையில் பாதி அவங்களுக்கு."

மாடத்தி மெல்ல வந்து முந்தானையை விரித்தாள். காத்தாயி விதைகளைச் சரிபாதியாக அள்ளிப் போட்டாள்.

"முதல் தண்ணீர் வாகைக்குடிக்கே" என்றார் ராஜா. "அதற்குப் பிறகு இரண்டு ஊருக்கும் தண்ணீரைப் பங்கிடும் மடை, இந்தப் பெண் கையில் இருக்கட்டும்."

"எங்களுக்கும் சம்மதம்" என்று முதலில் சொன்னவள் மாடத்திதான்.

அடுத்தவர் பங்கை மறைக்காமல் சொல்கிறவரே தன் பங்கைத் தலைநிமிர்ந்து கேட்கலாம்.