கன்னம் நிறைய இலை

ஒரு காட்டில் மூலிகைக் கல்லூரி ஒன்று இருந்தது, குழந்தைகளே. எந்த இலை எந்த நோய்க்கு என்பதுதான் அங்கே பாடம். ஆண்டு முடிவில் தேர்வு வரும். மருத மரத்தடியில் கரடியார் அமர்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கேட்ட கேள்விக்கு வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு தேர்வுக்குக் காத்திருந்தவர்களில் செம்பி என்ற குரங்கும் ஒன்று. பதற்றம் என்றால் அப்படியொரு பதற்றம் அதற்கு. காரணம் இல்லாமலும் இல்லை. போன கோடையில் குரங்குக் கூட்டத்தோடு மலையேறிய அதன் தங்கை விஷமுள்ள எட்டிக்காயைத் தின்றுவிட்டுத் துடித்தபோது, கூட்டத்தில் ஒருவருக்கும் வைத்தியம் தெரியவில்லை. தங்கை பிழைத்தது அதிர்ஷ்டம்தான். இந்தத் தேர்வில் தேறினால் செம்பி கூட்டத்தின் வைத்தியர். தேறாவிட்டால் இந்தக் கோடையிலும் கூட்டம் வைத்தியர் இல்லாமலேயே மலையேற வேண்டும்.

குரங்குகளுக்குக் கன்னத்தில் பை உண்டு. கிடைத்ததை அதில் அடைத்துக்கொண்டு ஓடிப்போய், பிறகு ஆற அமரத் தின்னும். செம்பி அந்தப் பையில் பாடத்தை அடைத்தது. வேம்பு, நொச்சி, ஆடாதோடை, தூதுவளை என்று படித்த இலையையெல்லாம் வாயில் ஒதுக்கிக்கொண்டது. ருசி இருக்கும்வரை பெயர் மறக்காது என்பது அதன் எண்ணம். துப்பினால் மறந்துவிடுமோ என்று சாப்பிடுவதை நிறுத்தியது. தூங்கினால் வாய் திறந்துகொள்ளுமோ என்று தூக்கத்தையும் விட்டது.

தேர்வு நாளும் வந்தது. செம்பியின் கன்னங்கள் இரண்டும் விளாம்பழம் போல் வீங்கியிருந்தன. உள்ளே இலைகள் ஒன்றோடொன்று கலந்து எல்லாம் ஒரே கசப்பாகிவிட்டது. எது வேம்பு, எது நொச்சி என்று நாக்குக்குத் தெரியவில்லை.

அப்போது கிளி பறந்து வந்தது. எல்லாரையும் கிலி பிடிக்க வைப்பதே அதற்கு வேலை.

"செம்பி! சிறியாநங்கை படித்துவிட்டாயா? அதுதான் கட்டாயம் வருமாம்!"

"ம்ம்... ம்ம்ம்?"

"அதைக்கூடப் படிக்கவில்லையா? போச்சு போ!" என்று சொல்லிவிட்டு, கிளி அடுத்த கிளையில் இருந்தவர்களை மிரட்டப் போய்விட்டது.

செம்பி ஓடிப்போய்ச் சிறியாநங்கையைப் பறித்தது. வாயில் இடமில்லை. இலையைக் கையில் பிடித்தபடி அழுதது.

குளத்தோரம் காராயி என்ற எருமை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதுவும் செம்பியின் வகுப்புதான். நிதானத்துக்குப் பெயர் போனது.

"ஏய் செம்பி, நீ பரீட்சைக்குப் போகிறாயா, பல் பிடுங்கப் போகிறாயா?"

செம்பி சிரிக்கவில்லை.

"அதைத் துப்பிவிடு. அதோ அத்தி பழுத்துக் கிடக்கிறது, நாலு தின்னு."

செம்பி கன்னங்களைப் பொத்திக்கொண்டு, மாட்டேன் என்று வேகமாகத் தலையாட்டியது.

காராயி திடீரென்று பக்கவாட்டில் பொத்தென்று சாய்ந்து, நான்கு கால்களையும் நீட்டியது.

"ஐயோ! வயிறு உப்பிவிட்டதே! மூச்சு முட்டுதே! செம்பி, நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் போலிருக்கே!"

முனகலுக்கு நடுவே அதன் தாடை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் செம்பி இல்லை. வாயிலிருந்த அத்தனையையும் தரையில் துப்பியது.

"படுக்காதே, எழுந்திரு! முன்னங்கால் இரண்டையும் மேட்டில் வை! இஞ்சியும் ஓமவல்லியும் நசுக்கித் தருகிறேன். அதுவரை தண்ணீரில் வாய் வைக்காதே!"

காராயி எழுந்து மேட்டில் கால் வைத்தது. "சரியாகிவிட்டது" என்றது.

"மருந்தே இன்னும் தரவில்லையே!"

"அது கிடக்கட்டும். இத்தனை வைத்தியமும் எந்த இலையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாய்?"

செம்பி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. காலி. காலடியில் பச்சையாய் ஒரு குவியல்.

"பார்த்தால் நான் போட்ட சாணி மாதிரி இருக்கிறது" என்றது காராயி.

செம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அத்திப்பழம் தின்றது. காராயியின் முதுகில் சாய்ந்தது.

"கண்ணை மூடு. கூப்பிட்டால் எழுப்புகிறேன்."

"மறந்துவிட்டால்?"

"கிளி இருக்கிறதே, அது காட்டையே எழுப்பிவிடும்."

செம்பி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, கரடியார் முன்னால் போய் நின்றது. எட்டிக்காய் விஷத்துக்கு மாற்று மருந்து என்ன என்று அவர் கேட்டபோது தயங்காமல் சொன்னது. சிறியாநங்கை பற்றிக் கேட்டார். தெரியாது என்று நேராகச் சொன்னது.

"எருமைக்கு வயிறு உப்பினால் எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

"அசைபோடுவது நின்றுவிடும், ஐயா..." என்ற செம்பி அப்படியே நிறுத்தியது. முனகிக்கொண்டே அசைந்த அந்தத் தாடை இப்போதுதான் அதன் நினைவுக்கு வந்தது.

"என்ன சிரிப்பு?"

"எனக்கு ஒரு நல்ல தோழி இருக்கிறாள், ஐயா."

"அது பாடத்தில் இல்லை" என்றார் கரடியார். "தேறிவிட்டாய், போ."

செம்பி குளத்துக்கு ஓடியது. காராயியின் தலைமேல் ஏறி உட்கார்ந்து, காது மடலில் இருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியது. காராயி சுகமாகக் கண்ணை மூடியது. அடுத்துத் தேர்வில் அதன் முறை.

கிளி மூச்சிரைக்க வந்து இறங்கியது. "காராயி! கடுக்காய் படித்துவிட்டாயா?"

செம்பி விரலை உதட்டில் வைத்தது.

"அவள் அசைபோடுகிறாள். அப்புறம் வா."

நீதி: படித்தது மனத்தில் தங்க உணவும் ஓய்வும் வேண்டும், பதறும் நேரத்தில் அதை நமக்குத் தருபவரே நல்ல நண்பர், அவரை மறவாதே.