ஆறாத டீ

பர்லியாறு வந்து சேர்வதற்குள் அந்தச் சிவப்பு வண்டி மூன்றாவது முறையாகக் கொதித்துவிட்டது.

இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். நாளைக் காலை ஊட்டியில் பழைய வண்டிகளுக்கான மலையேற்றப் போட்டி. சொந்தக்காரர் அங்கே காத்திருக்கிறார். "இதை நானே ஒத்த ஆளா பண்றேனுங்க" என்று நஞ்சப்பன் கேட்டு வாங்கிப் புதுப்பித்த முதல் வண்டி. இன்னொரு தரம் கொதித்தால் இஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்துவிடும். வளைந்தால் மாற்ற வேறு ஹெட் எங்கே தேடினாலும் கிடைக்காது.

நஞ்சப்பனுக்கு ஐம்பது வயது. இருபத்தைந்து வருடம் லாரிப் பட்டறையில் இருந்தவர். பழைய கார்களைக் கற்றுக்கொள்ளக் கோவையில் வாணி மேஸ்திரியிடம் வந்து சேர்ந்தார். மேஸ்திரிக்கு முப்பத்திரண்டு. அவள் இவரை அண்ணா என்பாள். இவர் அவளை மேஸ்திரி என்பார்.

டீக்கடை ஓரம் இருவரும் வண்டியை நிறுத்தினார்கள். பானெட் இடுக்கில் ஆவி சீறியது. நஞ்சப்பன் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார்.

"கையை எடுங்ணா. மூஞ்சி வெந்துரும்."

எடுத்தார்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு டீயா? வண்டிக்கும் சேர்த்து மூணாங்க?"

"வண்டி அதுவே போட்டுக்கிச்சுங்க," என்றாள் வாணி.

நஞ்சப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. "ரேடியேட்டர் கழுவியாச்சு. பெல்ட் புதுசு. பம்பும் புதுசு. ஏனுங்க மேஸ்திரி இன்னும் கொதிக்குது?"

"வேற எதையாச்சும் கழட்டினீங்களா?"

"இல்லைங்க."

சொல்லும்போதே அவர் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. மேஸ்திரி அதைப் பார்த்தாள்.

"ஆத்தாமக் குடுங்க," என்று கடைக்காரரிடம் சொன்னாள். "கூட ஒரு டம்ளர். அண்ணன் ஆத்திக்குவாரு."

நஞ்சப்பனின் கண் வண்டி மேலேயே இருந்தது. டம்ளர் வாயோடு டம்ளர் வாய் ஒட்டி, பத்துப் பன்னிரண்டு தரம் மாற்றி மாற்றி ஊற்றினார். ஒரு மடக்குக் குடித்தார். நாக்கு வெந்தது.

"அத்தனை தரம் ஆத்தினீங்க. ஆறலையா?"

"எப்படீங்க ஆறும்? இப்படிக் கிட்டக்கிட்ட ஊத்தினா சூடு எங்க போகும்? கையைத் தூக்கி, காத்துல நீட்டி..."

பேச்சு பாதியில் நின்றது.

டம்ளரை வைத்தார். பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பிஸ்கட் அகலத்தில் ஒரு பித்தளை வால்வு. தெர்மோஸ்டாட்.

"லாரில சூடுன்னா முதல்ல இதைத்தானுங்க கழட்டி எறிவோம். தண்ணி போற வழியில கதவு எதுக்கு, தாராளமா ஓடட்டும்னு..."

"தாராளமாத்தான் ஓடுது. ஆனா ரேடியேட்டருக்குப் போகாம, பக்கத்துல இருக்குற குறுக்கு ஓட்டையில பூந்து இஞ்சினுக்குள்ளயே சுத்துது. சூடேறினா இது ரேடியேட்டர் பக்கம் திறக்கும். அந்த ஓட்டையை அடைக்கும்."

நஞ்சப்பன் தலை குனிந்தார். "லாரிக்காரன் புத்தி போகலைன்னு சொல்லுவீங்களோன்னுதான் மறைச்சேன்."

"சொல்லத்தான் போறேன். முதல்ல மாட்டுங்க."

இஞ்சின் ஆற ஒரு மணி நேரம் ஆனது. வால்வை மாட்டி, தண்ணீர் நிறைத்து, கிளம்பினார்கள். ஓட்டியது நஞ்சப்பன். கொண்டை ஊசி வளைவில் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எண்பதைத் தொட்டது. எண்பத்தைந்து. தொண்ணூறு. அவர் கண் முள்ளை விட்டு அகலவில்லை.

"முள்ளைப் பார்க்காதீங்ணா. ரோட்டைப் பாருங்க."

அடுத்த வளைவில் முள் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

குன்னூர் வீடுகள் தெரிய ஆரம்பித்தன. நஞ்சப்பன் மெதுவாகப் பேச்செடுத்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, முன்னாடி அத்தாம் பெரிய ரேடியேட்டர் நிக்குது. அதை விட்டுட்டு, தண்ணிக்கு அந்தக் குறுக்கு வழியை யாருங்க காட்டிக் குடுத்தது?"

"கதவு யாரு பையில இருந்துச்சுங்ணா?"

நஞ்சப்பன் ரோட்டைப் பார்த்தார்.