இருபது வளைவு இறங்கிய சீஸ்

கலியமூர்த்தியின் கையில் பீட்சா பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. அதனால்தான் படியேறும்போதே கதையைத் தயார் செய்துகொண்டான்.

புதுச்சேரியிலிருந்து சேலத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. விறகடுப்பில் சுட்ட நல்ல பீட்சாவுக்கு ஏங்கி ஏங்கி அவன் மனைவி செந்தாமரை பாதியாகிவிட்டாள். இங்கே அவர்களுக்கு அகப்பட்டதெல்லாம் பன்னைத் தட்டி சாஸ் தடவின மாதிரி இருந்தது. "கல்யாண நாளுக்குப் புடவை வேணாம், ஒரு நல்ல பீட்சா போதும்" என்று சொல்லியிருந்தாள். பாவம், அவனும் அலையாய் அலைந்து ஏற்காட்டு மலைமேல் ஒரு கடையைக் கண்டுபிடித்து வாங்கியும்விட்டான். பஸ்ஸில் ருசி பார்க்க ஒரு துண்டு எடுத்தான். மலை இறங்கி முடிவதற்குள் மொத்தத்தையும் ருசி பார்த்துவிட்டான்.

வீட்டில் தட்டெல்லாம் எடுத்து வைத்திருந்தது. வாழ்த்துச் சொல்ல வந்த மாடிவீட்டு அங்கமுத்துவும் உட்கார்ந்திருந்தார்.

"பீட்சா எங்க?" என்றாள் செந்தாமரை.

"சொல்றேன், மொதல்ல தண்ணி குடு. அந்தக் கடையில இருக்கறது அடுப்பில்ல, எரிமலை! மாவைக் காட்டினாலே வெந்துடுது. எனக்கு முன்னாடி நின்ன ஆளுக்குப் பாதி மீசையைக் காணோம்."

"அறுவது வருசமா இங்க இருக்கறனுங்க, ஏற்காட்டுல எரிமலையப் பார்த்ததில்லீங்களே?" என்றார் அங்கமுத்து.

"நீங்க பீட்சா வாங்கப் போகலியே, சார். கேளுங்க. சீஸோட ஒரு நுனி அடுப்புக்குள்ள ஒட்டிக்கிச்சு, மறு நுனி என் பெட்டியில. பஸ் கிளம்புது, நூலா இழுக்குது, அறுபடவே இல்ல. இருபது வளைவும் இறங்கிட்டோம். பின்னாடி பார்த்தா அதுமேல குரங்கு வரிசையா நடந்து வருது! கண்டக்டர் நூலுக்குத் தனியா லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டார்."

"டிக்கெட் எங்கீங்க?"

"குரங்கு பிடுங்கிடுச்சு. அடிவாரத்துல எவனோ அந்த நூல்மேல மூணு லுங்கியைக் காயப் போட்டுட்டான். நானும் விடல, நம்ம வாசல் வரைக்கும் கொண்டாந்துட்டேன். கேட்டைத் திறந்தேன், அவ்வளவுதான் அதுக்கு நீளம். சொய்ங்! பீட்சா, லுங்கி எல்லாம் மலைக்கே திரும்பிப் போயிடுச்சு."

செந்தாமரை கோபப்படவில்லை.

"அப்ப அது நம்ம பீட்சாதானா? மொட்டைமாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன், தலைக்கு மேல சொய்ங்னு போச்சு. குச்சியால தட்டினேன், மடியில விழுந்துச்சு. நானும் சாரும் ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம். லுங்கி கொடியில காயுது."

"எனக்கு இன்னும் ஏப்பம் நிக்கலீங்க" என்றார் அங்கமுத்து.

பொய் என்று சொல்ல வாயெடுத்த கலியமூர்த்தி அப்படியே மென்று விழுங்கினான். அதைப் பொய் என்றால் தன் கதை என்னாவது?

"எல்லாம் பிரமாதம்தான். கடைசித் துண்டு மட்டும் கொஞ்சம் கருகல்" என்றாள் செந்தாமரை.

"கருகலா? கடைசித் துண்டுதான் இருக்கறதுலயே நல்ல துண்டு!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. அங்கமுத்து விட்டத்தைப் பார்த்தார். செந்தாமரை எழுந்து போய்க் கைப்பையை எடுத்து வந்தாள்.

"கிளம்புங்க, நானும் வர்றேன். இந்தத் தடவை பெட்டி என் மடியில."